ஏட்டு தங்கப்பழம் 'ஏலே' சொல்லாமல் நாற்காலி பெயர்த்த படலம்

வாழ்க, சங்கரன்கோவில் ரத வீதியின் காவல் வேந்தே! விசில் ஒன்றே வில்லாகவும் விரல் ஒன்றே கணையாகவும் கொண்டு, மினிபஸ் மதயானைகளின் படையெடுப்பை நாள்தோறும் மறித்து நிற்கும் மாவீரனே! கரிவலம்வந்தநல்லூர்ப் பேருந்தும் திருவேங்கடம் பேருந்தும் மூக்கோடு மூக்கு உரச நின்று ஒன்றையொன்று நோக்கி முழங்கிய வேளையில், இரண்டுக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பின்வாங்கச் செய்த இருமுனை வென்றானே! இடுப்புவார் என்னும் மதிலால் வளைக்க இயலாத தொந்திமாமலைக்கு உரிய கோவே! சம்பளப் பட்டியல் தலைமைக் காவலர் தங்கப்பழம் என்றும், ஊர் ஏட்டையா என்றும், இல்லத்தரசி சுகிர்தா 'இந்தாங்க' என்றும் விளிக்கும் முப்பெயர்ச் செம்மலே! உன் புகழைப் பாடத்தான் வந்தோம், தொண்டை கட்டியிருப்பதால் உரைநடையில் சொல்கிறோம், பொறுத்தருள்க.

கேளுங்கள். இத்தகைய வீரனுக்கும் ஒரு குறை இருந்தது. கையில் பட்டைகள் உண்டு. தோளில் நட்சத்திரம் இல்லை. மழையிலும் வெயிலிலும் நின்று, காக்கி வெளுத்து, முடி கொட்டி, விசில்கள் பல தேய்ந்து ஒழிந்தபின், இந்த ஆண்டுதான் சிறப்பு உதவி ஆய்வாளராகும் பட்டியலில் தங்கப்பழத்தின் பெயர் ஏறியது. ஆணை இன்று வரும், நாளை வரும் என்ற நிலை. வருவதற்குள் ஒரு மெமோ விழுந்தால் போதும். பட்டியலிலிருந்து பெயர் உதிர்ந்து அடுத்த ஆண்டுக்கு உருண்டுவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுகிர்தாவுக்குப் பொறுமை கிடையாது. ஆணை வருமுன்னரே தான் போகும் திருச்சபையின் பெண்கள் கூட்டத்தில் எழுந்து, தன் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் நட்சத்திரம் அருளிவிட்டார் என்று நடந்து முடிந்த காரியம் போலச் சாட்சி சொல்லிவிட்டாள். அருளிய ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? ஆகவே, தோளில் இன்னும் ஏறாத அந்த நட்சத்திரத்தில் குடும்ப மானம் முழுதும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்து சேர்ந்தது. இமையா விழியது, உறங்காச் செவியது. செம்பொட்டு ஒன்று மின்ன மின்ன மார்பில் அமர்ந்து, கண்டதையும் கேட்டதையும் விழுங்கி, விழுங்கியதை ஒருபோதும் செரிக்காமல் அப்படியே வைத்திருக்கும் பூதம். மேலிடம் அதற்கு உடலில் அணியும் கேமரா என்று பெயர் சூட்டியிருந்தது. நிலையத்தில் எல்லாரும் டப்பா என்றார்கள்.

டப்பாவின் முன்னே அதன் கட்டியக்காரனாக ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுமக்களில் ஒருவருக்கு ஆணையிடச் செல்லும் காவலர் முதலில் பித்தானை அமுக்கிக் கருவியை விழிக்கச் செய்ய வேண்டுமாம். விழித்துவிட்டது என்பதை எதிரில் நிற்பவருக்கு உரத்து அறிவிக்க வேண்டுமாம். அதன்பின் அந்த விவகாரம் முடியும்வரை நிறுத்தக் கூடாது, கையால் மறைக்கக் கூடாது, முதுகைக் காட்டி நின்று ஏமாற்றக் கூடாது. பதிந்ததை அழிக்க எந்தக் காவலராலும் இயலாது. பணி முடிந்ததும் கருவியை நிலையத்தில் ஒப்படைத்தால், அதன் வயிற்றைக் கிளறி உள்ளே இருப்பதை மேலதிகாரி பார்ப்பார். மன்னர்கள் தம் வெற்றியைக் கல்லில் பொறிக்க ஆள் வைத்துக்கொண்டார்கள். தங்கப்பழத்துக்கோ, அவன் திட்டுவதைப் பொறிக்க அரசாங்கமே ஆள் வைத்துக் கொடுத்தது.

முதல் வாரம் போர் இப்படிப் போயிற்று. மார்பில் குத்திய கருவி, மார்பு முடிந்து மலை தொடங்கும் சரிவில் மல்லாந்து படுத்துக்கொண்டது. ஆகவே அது வீதியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தது. ஹெல்மெட் அணியாத வீரர்களும் மூவராய் ஊரும் இருசக்கர வாகனங்களும் தப்ப, கோபுர உச்சியும் மின்கம்பியும் மின்கம்பியில் அமர்ந்த காகமும் கையும் களவுமாகப் பதிவாயின. ஆனால் செவி பழுதற்றது. ஓசை ஒன்றுவிடாமல் விழுந்திருந்தது.

நிலையத்துக்குப் புதிதாய் வந்த உதவி ஆய்வாளர் கோகிலா, தர்மபுரிப் பக்கத்தவர். நேர்மை என்னும் கவசத்தைத் தூங்கும்போதும் கழற்றாதவர். காதுகளில் இயர்போன் செருகி ஒரு மாலைப்பொழுது முழுதும் கேட்டவர், தங்கப்பழத்தை அழைத்தார்.

"படத்துல பூரா மேகமா இருக்கு, ஏட்டையா. சத்தத்துல பூரா ஏலேவா இருக்கு."

"அது மரியாதக் கொறவா சொன்னது இல்லம்மா. இங்கன பேச்சே அப்பிடித்தாம்."

"எனக்குப் புரியுது. மேல உக்காந்து கேக்கறவங்களுக்குப் புரியாது. இனிமே ஒரு லே பதிவானாலும் நான் மெமோ எழுதித்தான் ஆகணும். அப்புறம் உங்க ஸ்டார்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடியாத அந்த வாக்கியம், உறையிலிருந்து பாதி உருவிய வாள்போலத் தங்கப்பழத்தின் கண்முன் இரவும் பகலும் தொங்கியது.

அன்றே சூளுரைத்தான் வீரன். பிறந்தது முதல் தாய்ப்பாலோடு நாவில் ஊறிய ஓரெழுத்தை, உண்ணும்போதும் விக்கும்போதும் கல்லில் கால் இடித்துக்கொள்ளும்போதும் தானே வந்து விழும் அந்த எழுத்தை, இனி உச்சரிப்பதில்லை என்று விசிலின் மீது ஆணையிட்டான். கருவியின் மேல்விளிம்புக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியைச் சொருகி அதை நிமிர்த்தினான். வீட்டில் பயிற்சியும் தொடங்கினான். "சுகிர்தா அவர்களே, தயவுகூர்ந்து இன்னும் சிறிது குழம்பு ஊற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று அவன் தட்டின் முன்னமர்ந்து மொழிந்த அன்று, சுகிர்தா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றதும் அவளுக்குப் பயம் கூடியது.

இந்நிலையில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கியது. ஊர் முழுதும் மக்கள்வெள்ளம் பாயப்போகும் ரத வீதியில், வெள்ளத்துக்குக் குறுக்கே கடைக்காரர்கள் வைத்திருக்கும் அணைகளை அகற்றுக என்று ஆணை பிறந்தது. அணைகளாவன யாவை? நம் ஊர்க் கடைத்தெருவை அறிந்தோர் அறிவர். கடைக்கு முன்னுள்ள சாலை அரசுக்குச் சொந்தம் என்பது வெறும் வதந்தி. அங்கே ஒரு கல்லையோ, சிமெண்ட் நிரப்பிய டின்னையோ, உடைந்த மண்தொட்டியையோ எவன் வைக்கிறானோ, அவனுக்கே அந்த நிலம் உரித்து. பிறர் வண்டி அங்கே நிற்காது. நின்றால் டயரில் காற்று நிற்காது.

தங்கப்பழம் திக்குவிசயம் புறப்பட்டான். செம்பொட்டு மின்ன, "ஐயா, தங்கள் பேச்சும் செயலும் இக்கருவியில் பதிவாகின்றன" என்று அவன் முழங்கியதுமே மருந்துக்கடைக் கல் நடுங்கியது. ஜவுளிக்கடை டின் தானே உருண்டு உள்ளே போனதுபோல் மறைந்தது. செருப்புக்கடைத் தொட்டி சரணடைந்தது. ஏட்டையா மரியாதையாகப் பேசுகிறார் என்ற செய்தி அவனுக்கு முன்னே ஓடி ஊரைக் கலக்கியது. போலீஸ்காரர் திட்டினால் வீட்டுக்குப் போகலாம், ஐயா என்று கூப்பிட்டால் கேஸ் விழப்போகிறது என்பது அவ்வூர் மக்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே கதவுகள் பாதி சாத்திக்கொண்டன, தராசுகள் நின்றன, கடன் சொல்லி வாங்க வந்தவர்கள் கடன் சொல்லாமலே திரும்பினார்கள்.

இவ்வாறு வென்று வந்த வீரன், கடைசியில் ஜெனிபா பாத்திரக்கடையின் முன் வந்து நின்றான். அங்கே இருந்தது அந்த நாற்காலி.

சிவப்பு நெகிழி நாற்காலி. வெயிலில் வெந்து வெளிறி, நான்கு கால்களில் ஒன்று கயிற்றால் கட்டுண்டு, முதுகில் பாதி போய், மீதிப் பாதியும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாற்காலி. ஆயினும் அதன் கம்பீரமே கம்பீரம்! பின்னே குடங்கள் யானைப்படையாகவும், வாளிகள் தேர்ப்படையாகவும், கரண்டிகள் காலாட்படையாகவும் அணிவகுத்து நிற்க, அத்தனை பெரும்படைக்கும் முன்னணித் தளபதியாக, ஒற்றைக்கால் ஊனத்தோடும் பின்வாங்காமல் நடுரோட்டில் நின்றது. அதன் உரிமையாளன் பவுல்பாண்டியன். தங்கப்பழத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒரே கணக்கில் தோற்றவன். மீசையிலும் வயிற்றிலும் அவனுக்குச் சமமானவன். கோபத்தில் ஒரு பிடி கூடுதலானவன்.

தங்கப்பழம் பித்தானை அமுக்கினான். பொட்டு சிவந்தது. தொண்டையைச் செருமி, சங்கென முழங்கினான்:

"மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களே! தங்கள் பேச்சும் செயலும் இக்கருவியில் பதிவாகின்றன. பொதுமக்களின் நலன் கருதி, தங்களுடைய இந்த நாற்காலியைத் தாங்கள் உடனே அகற்றிக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்."

பவுல்பாண்டியன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. ஒரு குத்துவிளக்குதான் நின்றது.

"யாரைவே சொல்லுத?"

"தங்களைத்தான், ஐயா."

"ஐயாவா?" பவுல்பாண்டியனின் முகம், அடுப்பில் வைத்த அலுமினியச் சட்டிபோல் மெல்ல மெல்லச் சூடேறியது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் ஏலே பவுலு, ஒரு டீ சொல்லுலேன்னு கேட்ட வாயி. இன்னிக்கு நான் உனக்கு ஐயா ஆயிட்டேனோ? என்ன கேஸ் போடப் போற? சொல்லிட்டுப் போடு."

"தங்கள் மீது வழக்கு எதுவும் இல்லை. நாற்காலியை மட்டும்..."

"தங்களாம்லா!" என்று வீதியைப் பார்த்து அழைத்தான் பவுல்பாண்டியன். "ஏ மக்கா, கேட்டேளா? இவம் என்னைய தங்கள்னு சொல்லுதாம்!"

வீதி கேட்டது. வீதி கூடியது. பவுல்பாண்டியன் நாற்காலியை நோக்கி நடந்தான். கட்டுண்ட காலைத் தவிர்த்து மற்ற மூன்றின் மேல் பாரத்தைப் பங்கிட்டு, பன்னெடுங்காலப் பழக்கத்தால் மட்டுமே கைவரும் நுட்பத்தோடு அமர்ந்தான். அமர்ந்து, அரியணை ஏறிய அரசன்போல் தன் பிரகடனத்தை வெளியிட்டான்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தத் தங்கப்பழம் என்னைய முறையா ஏலேன்னு கூப்பிட்டுச் சொன்னாம்னா, இந்த நிமிசமே நாற்காலிய எடுக்கேன். ஐயான்னு கூப்பிட்டாம்னா, தபசு முடிஞ்சு, அடுத்த தபசு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். ஒருத்தன ஒரே நாள்ல அன்னியனாக்குதது எந்த ஊரு ஞாயம்?"

ஐயகோ! எத்தனையோ போர்களில் எத்தனையோ வீரர்கள் எத்தனையோ விலைகள் கேட்டிருக்கிறார்கள். யானை கேட்டார்கள், நாடு கேட்டார்கள், முத்தும் பவளமும் கேட்டார்கள். ஓரெழுத்துக் கேட்டவன் பவுல்பாண்டியன் ஒருவனே. அந்த ஓரெழுத்தோ, தங்கப்பழத்தின் நாவின் நுனியில், கரையில் வந்து முட்டும் அலைபோல முட்டிக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறந்தால் போதும், தானே விழுந்துவிடும். விழுந்தால் நாற்காலி எழும். நாற்காலி எழுந்தால் நட்சத்திரம் விழும்.

காரணத்தைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொல்ல முடியாது என்பதில்தான் இருக்கிறது இந்தப் போரின் கொடுமை. 'டப்பா கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஐயா என்கிறேன்' என்று சொன்னால், அந்த வாக்குமூலமும் டப்பாவுக்குள்ளேதான் போகும். நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்றால், விவகாரம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. பவுல்பாண்டியன் எழுந்திருக்கும்வரை விவகாரம் முடியாது. லே சொல்லும்வரை பவுல்பாண்டியன் எழுந்திருக்க மாட்டான். சுழலில் சிக்கிய கலம்போலச் சுற்றியது ஏட்டின் சிந்தை.

அப்போது ஓர் உண்மை அவனுக்குள் மின்னலென வெட்டியது. அந்தக் கருவி உலகத்திலுள்ள எல்லா முகங்களையும் காணும். அணிந்திருப்பவனின் முகத்தை மட்டும் காணாது! உடனே தங்கப்பழம் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தால் பேசத் தொடங்கினான். புருவங்களை உயர்த்தினான், விழிகளை உருட்டித் தன் மார்பைக் காட்டினான், உதட்டைப் பிதுக்கினான், மீண்டும் மார்பைக் காட்டினான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்த் திரண்டது. கண்கள் பிதுங்கின. கழுத்து நரம்புகள் புடைத்தன.

பவுல்பாண்டியன் உற்றுப் பார்த்தான். கோபம் வடிந்தது, வேறொரு நிறம் முகத்தில் ஏறியது.

"வே... நெஞ்சு வலிக்கா?"

தங்கப்பழம் இல்லை என்று தலையசைத்தான். அதையும் நடுக்கம் என்றெண்ணியது கூட்டம்.

"ஏ, ஏட்டையாவுக்கு நெஞ்சு வலிடே!"

"அதாம் மரியாதையாப் பேசிருக்காரு! சாவப்போறவம் அப்பிடித்தாம் பேசுவாம்!"

"சோடா கொண்டாங்கலே!"

"விசிறுங்க! விசிறுங்க!"

பாத்திரக்கடைத் தாம்பாளங்கள் விசிறிகளாயின. இஞ்சிச் சோடா ஒன்று ஓடி வந்தது. அதன் பின்னே எலுமிச்சை சோடா ஒன்று மூச்சிரைக்க வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் 'ஏலே, வேண்டாம்லே' என்றுதான் வரும் என்று அஞ்சிய வீரன், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் சோடாவால் அதை அடைத்துக்கொண்டான். இஞ்சியும் எலுமிச்சையும் அவன் மலைக்குள் இறங்கி, குகைகளில் முழங்கி, அருவிகளாய்த் திரண்டு, கீழ்நோக்கிப் பாயத் தொடங்கின. நாற்காலிமேல் நண்பன், மார்பின்மேல் பூதம், அடிவயிற்றில் அணை உடையும் தறுவாய். மும்முனைத் தாக்குதல்!

அடிவயிறு நெரிக்க நெரிக்க, அறிவு திறந்தது. சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த ஞாபகம் வந்தது. கழிப்பறைக்குள் கருவி இயங்கக் கூடாது. காரணத்தைச் சொல்லி நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது! ஆகா! இப்பரந்த சங்கரன்கோவிலில், அரசின் செவி எட்டாத ஒரே ஒரு தனியரசு உண்டு. அது தேரடி முக்கிலுள்ள கட்டணக் கழிப்பறை!

"ஐயா அவர்களே!" என்று புதுவலிமையோடு முழங்கினான். "இவ்விவகாரம் தொடர்பாகத் தாங்கள் என்னோடு சிறிது தூரம் நடந்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"எங்க?"

"கழிப்பறைக்கு."

கூட்டத்தின் தாம்பாளங்கள் விசிறுவதை நிறுத்தின. பவுல்பாண்டியன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினான்.

"நா எதுக்கு அங்கன வரணும்? எனக்கு ஒண்ணும் வரலியே."

தங்கப்பழம் ஓர் அடி நெருங்கினான். நண்பனின் கண்களையே பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ! கணக்குப் பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்க்க அனுமதி கேட்கும்போது அதே பார்வைதான் இருந்திருக்க வேண்டும். பவுல்பாண்டியன் எழுந்தான். எழுந்தவன் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியின் மேல் போட்டான். வெற்றிடத்தைக் காக்கத் துண்டு ஒன்று போதும். அது நம் நாட்டுப் போர்மரபு.

புறப்பட்டது பவனி. முன்னே ஏட்டு, அடிகளைக் குறுக்கி, விரைவும் நிதானமும் ஒருங்கே தேவைப்படும் அந்த நடையில். அவன் பின்னே பவுல்பாண்டியன், ஐயமும் ஆவலும் இருபுறமும் கையைப் பிடித்து இழுக்க. அவர்கள் பின்னே, ஏட்டையாவின் கடைசி மூச்சு எங்கே பிரியப்போகிறது என்று காணத் திரண்ட வீதி.

கழிப்பறை வாயிலில் கதவுக்காவல் புரிந்த சுந்தரபாய், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"என்ன ஏட்டையா, கூட்டத்தோட வந்திருக்கீய? உள்ள அம்புட்டு எடம் கெடையாது."

"இருவர் மட்டும்" என்றான் தங்கப்பழம், தூதுவனின் குரலில்.

"ரெண்டு பேருமா? ஒரே நேரத்துலயா?" அவள் பவுல்பாண்டியனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னமும் பண்ணுங்க. தண்ணிய மட்டும் ஊத்திட்டு வாங்க."

வாசற்படியில் நின்றான் வீரன். கருவியை நோக்கிக் குனிந்து, தன் வாழ்நாளின் மிகத் தூய தமிழில் கடைசிப் பிரகடனத்தைச் செய்தான்: "இயற்கை உபாதையின் பொருட்டு, விதிகளுக்கு உட்பட்டு, இப்பதிவை நிறுத்துகிறேன்." பித்தானை அமுக்கினான். செம்பொட்டு அணைந்தது.

முதலில் முதற்கடமை. நெடுநேரம் அருவி முழங்கியது. அருவி ஓய்ந்ததும், அன்று காலை முதல், இல்லை, சூளுரைத்த நாள் முதல் அடைத்து வைத்திருந்த மற்றோர் அணை உடைந்தது.

"ஏலே பவுலு! கூறுகெட்ட மூதி! ஏலே, நெஞ்சுல டப்பா கெடக்கது உன் கண்ணுக்குத் தெரியலியாலே? லேன்னு சொன்னா மெமோலே! ஸ்டாரு போயிரும்லே! அந்த ஒடஞ்ச நாற்காலிய எடுத்து உள்ள போடுலே, எளவெடுத்தவனே! ஏலே! ஏலே! ஏலே!"

கடைசி மூன்றும் தேவைக்கு வந்தவை அல்ல, இன்பத்துக்கு வந்தவை. சுவரில் பதித்த ஓடுகள் அதிர்ந்தன. வெளியே நின்ற கூட்டம், ஏட்டையா பிழைத்துவிட்டார் என்று ஆரவாரித்தது. உள்ளே பவுல்பாண்டியனின் முகத்தில், கோடை முடிந்து குற்றாலத்தில் சாரல் இறங்கியதுபோல் ஒரு குளிர்ச்சி இறங்கியது.

"இப்பிடிச் சொல்லுலே. மனுசம் பேசுத பேச்சு இது. நாம் பயந்துட்டேம்லே, கிறுக்குப்பயலே. வா, எடுக்கேன்."

தண்ணீர் ஊற்றினார்கள். வாசற்படி தாண்டியதும், விதி தவறாத வீரன் பித்தானை மீண்டும் அமுக்கினான். பொட்டு சிவந்தது. அதன்பின் ரத வீதி கண்டது, அந்த ஊர் முன்பும் காணாத, இனியும் காண விரும்பாத ஒரு காட்சி. பவுல்பாண்டியன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். நாற்காலியை, கட்டுண்ட கால் கழன்றுவிடாதபடி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் ஏந்தினான்.

"தங்கள் ஆணைப்படி அகற்றுகிறேன், ஐயா."

"தங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி, ஐயா."

"நன்றி தங்களுக்குத்தான், ஐயா."

இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தது. ஏட்டுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை, தலையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்ற முடிவோடு கலைந்தது.

மாலை வந்தது. வெற்றிவாகை சூடிய வீரன் நிலையம் புகுந்து டப்பாவை ஒப்படைத்தான். கோகிலா இயர்போனைச் செருகிக்கொண்டு பார்க்கலானார். முதலில் தலையசைத்தார். பிறகு புன்னகைத்தார். 'மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களே' வந்தபோது மெய்யாகவே மகிழ்ந்தார். சோடா வந்தபோது குழம்பினார். கழிப்பறை வாசலில் கருவி நின்றபோது, சரிதான் என்று முணுமுணுத்தார். அதன்பின் இரண்டாம் பதிவைத் தொடங்கினார். தொடங்கியதும் அவர் முகம் மாறியது.

"ஏட்டையா. வெளிய வந்ததும் பட்டனை அமுக்கினீங்க இல்ல?"

"ஆமாம்மா. வாசப்படி தாண்டி, வெளிய வந்துதாம் அமுக்குனேன்."

"இந்த டப்பா பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி நடந்த அரை நிமிஷத்தையும் தானா சேர்த்து வெச்சுக்கும். ஒரு சம்பவம் திடீர்னு நடந்தா ஆரம்பம் தப்பிடக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. இதை யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

இயர்போனை உருவி, ஓசையை வெளியே விட்டார். கருவியின் வயிற்றிலிருந்து, வழுவழுத்த சுவரோடுகளில் மோதி மும்மடங்கான முழக்கம் எழுந்தது: ஏலே! ஏலே! ஏலே! இன்பத்துக்கு வந்த மூன்றும் ஒன்றுவிடாமல் வந்தன.

பெருமரம் வேரோடு சாய்வதுபோல, தேர் அச்சு முறிந்து தெருவில் குடைசாய்வதுபோல, அமர்ந்திருந்த பெஞ்சிலேயே சரிந்தான் தங்கப்பழம். கண்முன் நட்சத்திரம் ஒன்று எரிந்து விழுந்தது. சபையின் பெண்கள் கூட்டம் மெல்லத் திரும்பிப் பார்த்தது. அதன் நடுவே சுகிர்தா தலைகுனிந்து நின்றாள். "எழுதுங்கம்மா" என்றான், களத்தில் விழுந்தவனின் குரலில். "நாந்தாம் சொன்னேன். அவம் பேருல தப்பு இல்ல."

கோகிலா தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எதையும் விதி எண் குறிப்பிடாமல் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. சுற்றறிக்கையைப் புரட்டி, உரிய இடத்தைத் தேடி வாய்விட்டே படித்தார்.

"கழிப்பறை, குளியலறை, உடை மாற்றும் அறை ஆகிய இடங்களில் தவறுதலாகப் பதிவான எதையும், எந்த அதிகாரியும், பார்க்கவோ கேட்கவோ கூடாது. உடனே முத்திரையிட்டுப் பூட்ட வேண்டும். பார்த்தவர் அல்லது கேட்டவர் மீது..."

பேனா நின்றது. கோகிலா மிக மெதுவாக, வெடிகுண்டை வைப்பதுபோல, இயர்போனை மேசைமேல் வைத்தார். ஓசையை நிறுத்தினார். தங்கப்பழத்தைப் பார்க்காமல் சுவரிலுள்ள காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் எதையும் கேக்கல, ஏட்டையா."

"நானும் எதையும் சொல்லலம்மா."

"அடுத்த தடவை உள்ள போகும்போது டப்பாவை முழுசா ஆஃப் பண்ணிடுங்க."

"சரிம்மா."

முத்திரை விழுந்தது. மூன்று ஏலேக்களும் அரசாங்கத்தின் பூட்டுக்குள், யாரும் கேட்கக் கூடாத இருளில், என்றென்றைக்குமாக உறங்கப் போயின. விதி எறிந்த வேலினை விதியே தடுத்தது! மெமோ எனும் கருநாகம் எழுதுமுன்னே மடிந்தது! தபசுக்கு முன்னரே ஆணை வந்தது. தோளில் நட்சத்திரம் ஏறியது. சுகிர்தாவின் சாட்சி மெய்யாயிற்று! புதுச் சலவைக் காக்கியும் புது விசிலும் அணிந்து, உதயகிரியில் எழும் ஞாயிறு என, ஆயிரம் முரசுகள் தன் காதுக்கு மட்டும் முழங்க, சிறப்பு உதவி ஆய்வாளர் தங்கப்பழம் வெற்றித் திருவுலாவாக ரத வீதியில் நடந்து, தான் கைப்பற்றிய அந்தப் போர்க்களத்தைக் கண்குளிரக் காண, ஜெனிபா பாத்திரக்கடையின் முன் வந்து நின்றார்.

அங்கே பவுல்பாண்டியன் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்.